காயம்பட்ட வீராங்கனையிடம் கேட்க வேண்டிய ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஒரு வீராங்கனை வந்தால், எப்படி விழுந்தார், எங்கே வலிக்கிறது, கால் எவ்வளவு மடங்குகிறது என்றெல்லாம் விசாரிக்கிறோம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அவராகவும் சொல்வதில்லை. பிசியோதெரபி செய்பவள் என்ற முறையில் இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

ஏசிஎல் என்கிற அந்த ஜவ்வு, கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகக் கிழிகிறது. மாதவிடாய்ச் சுழற்சியில் ஏறி இறங்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகள் அந்த ஜவ்விலேயே இருக்கின்றன. கருமுட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி மூட்டு சற்றுத் தளர்வதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில அப்படி எதையும் காணவில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிவதும், பின்தொடைத் தசையில் வலு போதாததும்கூடக் காரணங்கள்தான். அதனால், "இந்த வாரம் குதிக்காதே, அடுத்த வாரம் எடை தூக்கு" என்று எல்லாருக்கும் ஒரே அட்டவணை நீட்டுவதை நான் ஏற்பதில்லை. சுழற்சியே 21 நாள் முதல் 35 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2020-இல் வந்த கட்டுரையும், மாதவிடாயின் முதல் நாட்களில் திறன் மிகச் சிறிதளவே குறையலாம், அவரவர் உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் சொன்னது.

தேதியோடு வலி, தூக்கம், களைப்பு மூன்றையும் குறித்து வரச் சொல்லுங்கள். சில மாதங்களில் அந்தப் பெண்ணின் போக்கு பிடிபட்டுவிடும். வயிற்றுவலி கடுமையான நாளில் பாரத்தைக் குறைக்கலாம். பயிற்சியையே ரத்து செய்ய வேண்டியதில்லை. ரத்தப்போக்கு மிகுதியாக இருந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, மாதவிடாய் நின்றுபோவதுதான். ஓய்வில் இருக்கிறோம், எடை ஏறிவிடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். காயம் ஆறுவதற்கே உடலுக்குச் சக்தி தேவை. அது போதாதபோது மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞைகள் குறைகின்றன. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது, விரிசல் விட்ட எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதை 'ரெட்-எஸ்' (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்ற பெயரில் விளக்கியது. கடுமையாகப் பயிற்சி செய்தால் பீரியட்ஸ் நிற்பது சகஜம் என்று இன்னும் சொல்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லையென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும் அப்படியே. கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு மாதாமாதம் வரும் ரத்தப்போக்கை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட முடியாது. அவரிடம் சாப்பாட்டைப் பற்றியும் முன்பு ஏற்பட்ட எலும்பு விரிசல்களைப் பற்றியும் தனியே உட்கார்ந்து கேளுங்கள்.

நன்றி.