கத்தி பட்டால் பரவுமா?

எல்லாருக்கும் வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் என்று பயாப்சி வந்து, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்த பிறகு, வீட்டார் என்னை வராந்தாவுக்குத் தனியாக அழைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். போன மாதம் ஓர் அம்மா கேட்டார். அவர் கணவருக்குத்தான் ஆபரேஷன். “கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர், அதுவும் துளை போட்டுப் பண்ணினா அந்தத் துளை வழியாவே வந்துடுமாமே, நிஜமா?” பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், டாக்டரிடம் இப்படியெல்லாம் கேட்பதா என்று அதட்டினார். கேட்கட்டும் விடுங்கள் என்றேன். ஏனென்றால் அவர் கேட்டதில் பாதியை, 1990களில் உலகத்தின் பெரிய சர்ஜன்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் கிடைக்கப் பத்து வருடம் பிடித்தது.

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கத்தி பட்டதால் பரவுவதில்லை. பெருங்குடலில் கட்டி இருந்தால், அது வேறு உறுப்புக்குப் போவதற்கு முன்னால், அந்தக் குடல் பகுதியையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் (புற்றுநோய் செல்கள் முதலில் போய்ச் சேரக்கூடிய சிறு முடிச்சுகள்) சேர்த்து எடுப்பதுதான் குணமாக்கும் வழி. பயந்து தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது பரவுகிறது. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

துளை பற்றிய இரண்டாவது பாதிதான் பெரிய கதை. 1980களின் கடைசியில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி வந்தது. வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்வது. நோயாளிகளே அதைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள், ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நடப்பதற்கு முன்பே நாடு நாடாகப் பரவிவிட்டது, அவசரமாகக் கற்றுக்கொண்டவர்கள் கையில் பித்தநாளம் அறுபட்ட சம்பவங்களும் கூடின. 1991இல் அமெரிக்காவின் மயாமி நகரச் சர்ஜன்கள் பெருங்குடலையும் இப்படி எடுக்கலாம் என்று எழுதினார்கள். அதுவும் அதே வேகத்தில் போயிருக்க வேண்டியது. நின்றுபோனது. காரணம், குடலை எடுத்த சில மாதங்களில், துளை போட்ட அதே தழும்பில் புற்றுநோய் முளைத்தது. 1994இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு சிறு அறிக்கையில் 14 பேரில் 3 பேருக்கு அப்படி ஆகியிருந்தது. பழைய முறையில் வயிற்றைத் திறந்து செய்தால் தழும்பில் நோய் வருவது நூற்றுக்கு ஒருவர் அளவுதான்.

வயிற்றை உப்ப வைக்க உள்ளே ஏற்றுகிற வாயு புற்றுநோய் செல்களைச் சிதறடிக்கிறதா, கட்டியைச் சின்ன வழியில் இழுத்து எடுக்கும்போது தழும்பில் ஒட்டிக்கொள்கிறதா, சர்ஜனின் கை இன்னும் பழகாததுதான் காரணமா? யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அமெரிக்காவின் பெருங்குடல் சர்ஜன்கள் சங்கம் எடுத்த முடிவை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். புற்றுநோய்க்கு இந்த முறையை ஆய்வுக்குள் மட்டும் செய்யுங்கள், வெளியே வேண்டாம் என்று சொன்னார்கள். தாங்கள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரு வித்தையைத் தாங்களே நிறுத்திவைப்பது லேசான காரியம் இல்லை.

அந்த ஆய்வு 1994இல் தொடங்கியது, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைச் சர்ஜன் ஹைடி நெல்சன் தலைமையில். 48 மருத்துவமனைகள், 872 நோயாளிகள். யாருக்குத் துளை, யாருக்குத் திறப்பு என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார், நோயாளியும் செய்ய மாட்டார், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். இல்லாவிட்டால் ஒல்லியானவரும் சின்னக் கட்டிக்காரரும் துளைப் பக்கம் போய்ச் சேர்வார்கள், அப்புறம் துளைதான் நல்லது என்று கணக்கு வரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆய்வில் சேர விரும்பும் சர்ஜன் குறைந்தது 20 பெருங்குடல் ஆபரேஷன்களைத் துளை வழியாகச் செய்திருக்க வேண்டும், அதோடு ஒரு முழு ஆபரேஷனின் வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரப் படம். ரத்தம் கசிந்து திரை சிவப்பாகிப் போன நிமிடங்கள், ரத்தக்குழாயின் அடியைத் தேடித் தடவிய நேரம், கட்டியை நேரடியாகப் பிடித்தாரா, பிடிக்காமல் பக்கத்துக் குடலைப் பிடித்து நகர்த்தினாரா, எல்லாமே அதில் இருக்கும். இன்னொரு சர்ஜன் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். ஆய்வு நடக்கும்போதும் இடையிடையே வீடியோக்களை எடுத்துச் சரிபார்த்தார்கள். மாத்திரையை ஆராய்வதற்கும் ஆபரேஷனை ஆராய்வதற்கும் வித்தியாசம் இங்கேதான். மாத்திரை யார் கொடுத்தாலும் ஒரே மாத்திரை. ஆபரேஷன் கைக்குக் கை மாறும்.

இன்னொன்று. துளையில் தொடங்கியவர்களில் 21 சதவீதம் பேருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? கடைசி வரை துளைக் கணக்கில்தான் வைத்தார்கள், அதுதான் நேர்மை. சிக்கலானவர்களை எல்லாம் நைசாகத் திறப்புப் பக்கம் தள்ளிவிட்டால், மிச்சம் நிற்கிற துளைக் கூட்டம் எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

2004இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் நோய் திரும்பியது துளைப் பக்கம் 16 சதவீதம், திறப்புப் பக்கம் 18. உயிரோடு இருந்தவர்கள் துளைப் பக்கம் 86 சதவீதம், திறப்புப் பக்கம் 85. எல்லாரும் பயந்த அந்தத் தழும்புப் புற்றுநோய் இரண்டு பக்கமும் 1 சதவீதத்துக்குக் கீழே. எடுத்த நிணநீர் முடிச்சுகள் இரண்டிலும் நடுமட்டமாக 12. ஆக, ஆபத்து துளையில் இல்லை, கையாண்ட விதத்தில் இருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஆபரேஷன் நேரம் மட்டும் 95 நிமிடத்திலிருந்து 150 ஆனது. மருத்துவமனையில் தங்கியது 6 நாளுக்குப் பதில் 5 நாள்.

ஒரு நாள்தானா மிச்சம் என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு நாள்தான். வலி ஊசியும் ஒரு நாள் குறைவு. வாழ்க்கைத் தரத்தைக் கேள்வித்தாள் வைத்து அளந்தபோதும், முதல் இரண்டு வாரத்தில் லேசான வித்தியாசம் தெரிந்ததே தவிர, அதற்குப் பிறகு இல்லை. இதையும் நோயாளியிடம் சொல்லத்தான் வேண்டும். புது முறை என்றதும் எல்லாம் அற்புதம் என்று விற்கக் கூடாது.

ஒரு ஆய்வை வைத்து நிம்மதியாகிவிட முடியாது என்பதும் உண்மை. பார்சிலோனாவில் ஒரே மருத்துவமனையில் 219 பேரை வைத்துச் செய்த ஆய்வு, துளை முறையில் புற்றுநோயால் இறப்பதே குறைகிறது என்று 2002இல் சொன்னது. பெரிய ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள், ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். ஆனால் இறப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால், துளை முறை பழையதற்குக் குறைந்ததல்ல என்று புள்ளியியல் கணக்கில் நிறுவ முடியவில்லை. அதை அப்படியே எழுதினார்கள். மலக்குடல் கதையே வேறு. இடுப்பெலும்புக்குள் குறுகிய இடம், 2015இல் வந்த ஆய்வுகளில் இரண்டில் துளை முறை சமம் என்று காட்ட முடியவில்லை. குடல்தானே, இங்கே சரியென்றால் அங்கேயும் சரிதானே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். எடுத்த குடலை, திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி பிரிவின் மேசையில் விரித்து, மஞ்சள் கொழுப்பை விரல் நுனியால் நசுக்கி நசுக்கித் தடவி, பருப்பு அளவிலும் கடுகு அளவிலும் இருக்கிற முடிச்சுகளை ஒருவர் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். 12க்குக் குறைந்தால் மறுபடி தேடுவார். அடுத்து கீமோ வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்த முடிச்சுகள் ரொம்ப முக்கியம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால், ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, கால் மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?” என்றார். எண்ணிக்கையைச் சொன்னேன், அதில் எத்தனை பேருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது என்பதையும் சொன்னேன். “சரி, அப்போ புதன்கிழமையே வெச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்க்க உள்ளே போனார்.