பக்கத்துக் கைப்பிடி

வணக்கம் நேயர்களே. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விமானத்தில் போனவர்களில் பலருக்கு ஏடிஆர் 72 பழக்கமாகியிருக்கும். இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும், எழுபது பேர் போல உட்காரும் சிறிய விமானம். அதே ரகத்தைச் சேர்ந்த, நேபாளத்தின் எட்டி ஏர்லைன்ஸ் விமானம் 2023 ஜனவரி 15 அன்று காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போனது. ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போது சேத்தி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. உள்ளே இருந்த 72 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள்.

அன்றைக்கே ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பழைய விமானம், மலைநாடு, நேபாளம் என்றாலே இப்படித்தான் என்று. ஆனால் அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. எஞ்சினும் பழுதாகவில்லை. கறுப்புப் பெட்டிகளை சிங்கப்பூரில் திறந்து பார்த்தபோது வேறு கதை வெளிவந்தது.

பொக்காராவின் புதிய விமான நிலையம் திறந்து அப்போது இரண்டு வாரம்தான். இடது இருக்கையில் இருந்த கேப்டன் அந்த நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தவர். வலது பக்கம் பயிற்சி தரும் கேப்டன். காலையிலிருந்து அது அவர்களுக்கு மூன்றாவது ஓட்டம். முதலில் ஒதுக்கிய 30ஆம் எண் ஓடுபாதைக்குப் பதிலாக, அதே பாதையின் எதிர்முனையான 12ஐக் கேட்டு வாங்கினார்கள். அதற்கு மலைகளுக்கு நடுவே தாழ்வாகத் திரும்பி இறங்க வேண்டும்.

"ஃபிளாப் 30" என்றார் ஓட்டுபவர். வேகம் குறையும்போதும் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க, இறக்கையின் பின்பகுதியைக் கீழே இறக்குவதுதான் ஃபிளாப். பக்கத்திலிருந்து "ஃபிளாப் 30" என்று பதில் வந்தது. ஆனால் அப்போது ஃபிளாப் அசையவில்லை. அருகிலேயே இருக்கும் கண்டிஷன் லீவர்கள் இரண்டும்தான் தவறுதலாகப் பின்னால் போயிருக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. அவற்றை அப்படி இழுத்தால் காற்றாடி இலைகள், தண்ணீரில் பக்கவாட்டாகத் திருப்பிய துடுப்பு போல, காற்றை வெறுமனே கிழிக்கும், தள்ளாது. ஒரு எஞ்சின் நின்றுபோனால் காற்றின் தடையைக் குறைக்க வைத்த ஏற்பாடு அது. இங்கே நல்ல எஞ்சின்கள் இரண்டுக்கும் அது நடந்துவிட்டது.

எஞ்சின் ஓடுகிறது, உந்துசக்தி மட்டும் இல்லை. எச்சரிக்கை மணி ஒருமுறை அடித்தது. தரையிறங்கும் முன் படிக்க வேண்டிய பட்டியலையும் படித்தார்கள். அப்போதும் ஃபிளாப் இறங்காதது கண்ணில் படவில்லை. அப்புறம் பவர் லீவரை முன்னே தள்ளினார்கள். பவர் வரவில்லை என்று ஓட்டுபவர் ஒருமுறைக்கு மேல் சொல்கிறார். சில நூறு அடி உயரத்தில் கட்டுப்பாடு பயிற்சியாளர் கைக்கு மாறியது. சில நொடிகளில், விமானம் தாங்குதலை இழக்கப்போகிறது என்று விமானியின் கைத்தண்டு அதிர்ந்து எச்சரித்தது. வேகம் குறைந்த விமானம் இடது பக்கம் சரிந்தது. ஃபிளாப் கேட்டதிலிருந்து இதெல்லாம் ஏறத்தாழ ஒரே நிமிடம்.

சரி, விமானி பிழை, கதை முடிந்தது என்று மூடிவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. கை தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தான் விமானி அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கேட்பது, நகர்த்துவது, மானியில் முள் நகர்ந்ததைப் பார்ப்பது, அதற்குப் பிறகே பதில் சொல்வது என்று வரிசை வைத்திருக்கிறார்கள். அன்று பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. வேலைப்பளு, புதிய நிலையம், போதாத பயிற்சி, முறையைக் கடைப்பிடிக்காதது என எல்லாவற்றையும் விசாரணை அறிக்கையே சுட்டிக்காட்டுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது அந்த இருக்கை ஏற்பாடு. கற்றுக்கொடுப்பவரே உதவி விமானியின் வேலையையும் பார்க்கிறார். அவர் கை எங்கே போகிறது என்று கண்காணிக்க மூன்றாவது ஆள் கிடையாது. ஆசான் செய்ததைச் சரிபார்க்க, கற்றுக்கொள்பவருக்கு எந்தத் தொழிலில் எளிதாகத் தோன்றும், சொல்லுங்கள்? பவர் இல்லை என்று அவர் சொன்னார். ஆனால் அந்த இரண்டு லீவர்களையும் கடைசிவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நன்றி, வணக்கம்.