தொண்ணூற்றொன்பதாம் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பெண்கள் டென்னிஸின் உலகத் தரவரிசையில், ஒற்றையர் பிரிவில் 99ஆம் இடத்தையும் இரட்டையர் பிரிவில் 59ஆம் இடத்தையும் தம் உச்சமாகக் கொண்ட ஒரு வீராங்கனையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவருடைய பெயர் மெர்வானா யூகிச்-சல்கிச். அவர் பொஸ்னியா-ஹெர்ட்சகோவினா நாட்டைச் சேர்ந்தவர். டென்னிஸின் நான்கு மிகப் பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் கோப்பை எதுவும் அவர் கைக்கு வந்ததில்லை. உலகச் சுற்றின் மேல்தட்டில் அவர் வென்ற பட்டம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இரட்டையர் பட்டம். அப்படியிருந்தும், கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்கள் டென்னிஸைக் கவனித்து வரும் எனக்கு, அந்த 99 என்ற எண் பல பேருடைய முதல் பத்து இடங்களைவிடக் கனமானதாகவே தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்நாட்டின் தலைநகரான சரயேவோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், பொஸ்னா ஆற்றங்கரையில் ஸெனிட்சா என்றொரு நகரம் இருக்கிறது. 1892இல் தொடங்கிய இரும்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல அமைந்திருப்பதால், ஆலைப் புகை குளிர்காலத்தில் மேலே எழும்பாமல் ஊர்மீதே தங்கிவிடும். பொஸ்னியாவையும் உள்ளடக்கிய யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்த காலத்தில், அந்த ஆலையை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்ந்தன. மெர்வானா அங்கே பிறந்தது 1980 மே மாதத்தில். அதே மே மாதம் 4ஆம் தேதி, யூகோஸ்லாவியாவை முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டிக்காத்த தலைவர் திட்டோ காலமானார். ஒன்றாக இருந்த அந்த நாடு மெல்ல மெல்ல விரிசல் விட்ட பத்தாண்டுகள்தாம் இவருடைய குழந்தைப் பருவம்.

1992 ஏப்ரலில் பொஸ்னியாவில் போர் மூண்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது நிறையவிருந்தது. டென்னிஸ் தெரிந்தவர்களுக்கு அந்த வயதின் அருமை புரியும். பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள்தான் ஒரு குழந்தையின் சர்வ் நிலைபெறுகிறது; பின்கை அடி உடலோடு ஒட்டுகிறது; தன்னைவிடத் திறமையான எதிராளியிடம் தோற்றுத் தோற்று, ஆட்டத்தைப் படிக்கும் கண் திறக்கிறது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இந்த வயதுக் குழந்தைகள் வாரந்தோறும் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய் வருவார்கள். பொஸ்னியாவில் அந்த மூன்றரை ஆண்டுகளும் சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. ஸெனிட்சாவின் இரும்பாலை நின்றுபோனது. 1993 ஏப்ரல் 19 அன்று நகரின் நடுவே பீரங்கிக் குண்டுகள் விழுந்து, கடைத்தெருவுக்கு வந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டனர். தலைநகர் சரயேவோவிலோ, 1984 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனம் அரங்கேறிய ஸெத்ரா உள்ளரங்கம் குண்டுவீச்சில் உருக்குலைந்து போக, அதன் மர இருக்கைகளைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தார்கள். போரில் சரயேவோ முற்றுகையிடப்பட்ட சில வாரங்களில் அந்த நகரில் பிறந்து, பின்னாளில் அதே ஸெத்ராவில் டென்னிஸ் பழகி வளர்ந்தவர்தான் ஆண்கள் பிரிவில் பெயர் பெற்ற தாமிர் ஜும்ஹுர். போர் ஓய்ந்து 1995 இறுதியில் டேட்டன் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோது மெர்வானாவுக்குப் பதினைந்து வயது. மற்றவர்கள் ஆட்டத்தைத் தீட்டிக்கொள்ளும் ஆண்டுகளில், இவருடைய நாட்டில் டென்னிஸ் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லாமலே இருந்தது.

அந்த மண்ணில் பிறந்து டென்னிஸில் உயர்ந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. பன்யா லூகாவில் பிறந்த இவான் லூபிச்சிச், சிறுவனாக அகதியாய்க் குரோவேஷியாவுக்குப் போய், பிறகு இத்தாலியில் பயிற்சி பெற்று, 2006இல் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறினார். அவர் ஆடியது குரோவேஷியக் கொடியின் கீழ். துஸ்லாவில் பிறந்த அமெர் டெலிச், குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறி அங்கே ஆட்டக்காரராக வளர்ந்தார். இவர்களைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. போரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வழி தேடும் பெற்றோர், எந்தக் கொடி என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பொஸ்னியா-ஹெர்ட்சகோவினா என்ற பெயரையே தாங்கிக்கொண்டு உலகச் சுற்றுக்குள் நுழைந்தவர்களின் பாதை எத்தனை கரடுமுரடானது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

அந்தப் பாதையை நாம் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் நாம் காணும் டென்னிஸ் மலையின் உச்சி மட்டுமே. அடிவாரத்தில், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் சிறு போட்டிகள் வாரத்துக்கு வாரம் நடக்கின்றன. அந்நாளில் அவற்றில் மிகச் சிறியதன் மொத்தப் பரிசுத் தொகை 10,000 டாலர். அதை அத்தனை பேருக்கும் பங்கிட்டால், முதல் சுற்றில் தோற்றவர் கையில் மிஞ்சுவது நூறு டாலர் அளவுதான். அதற்குள் பயணம், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் அடங்க வேண்டும், அடங்காது. தரவரிசை போதாதவர்கள் தகுதிச்சுற்றில் ஆட, போட்டிக்கு முந்திய நாள் மாலையில் நடுவர் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்து தாளில் கையெழுத்திட வேண்டும். ரயில் தாமதமாகி, குறித்த நேரம் கடந்து ஐந்து நிமிடம் கழித்துத் தோளில் மட்டைப் பையோடு ஓடி வந்து நின்றாலும் அந்த வாரம் கைநழுவியதுதான். இப்படி வாராவாரம் அரும்பாடுபட்டுச் சேர்க்கும் புள்ளிகளோ ஓராண்டுதான் நிற்கும். 52 வாரம் கடந்ததும் அவை உதிர்ந்துவிடும். அதே இடத்தில் நிற்க வேண்டுமானால்கூட மறுபடி வென்றாக வேண்டும். மெர்வானா பல ஆண்டுகள் இந்தச் சுற்றில்தான் உழைத்தார். ஒற்றையரிலும் இரட்டையரிலும் பட்டங்கள் பல வென்றார்.

இதோடு இன்னொரு சுமையும் அவருக்கு இருந்தது. விசா. ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று சிறு போட்டிகள் மிகுந்த நாடுகளெல்லாம், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்குள் இருந்தன. பொஸ்னியாவின் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் அங்கே கால் வைக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருந்தது. எந்தப் போட்டியில் எத்தனை நாள் நீடிப்போம், அடுத்த வாரம் எந்த நாட்டில் இருப்போம் என்பது வெற்றி தோல்வியைப் பொறுத்து மாறும் வாழ்க்கை இது. அப்படிப்பட்டவரிடம் பயணத் திட்டத்தையும் தங்குமிடச் சான்றையும் முன்னதாகவே கேட்டால், அவர் எதைக் காட்டுவார்? ஒரு பிரெஞ்சுப் பெண் ரயில் ஏறிப் போய்விடுகிற தூரத்துக்கு, ஒரு பொஸ்னியப் பெண் தூதரக வாசலில் வரிசையில் நின்ற பிறகே போக முடியும்.

இப்போது அந்த 99க்கு வருகிறேன். கிராண்ட் ஸ்லாம் போட்டி ஒவ்வொன்றிலும் பெண்கள் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள் உண்டு. அந்நாளில் பெரும்பாலும் அவற்றில் 108 இடங்கள் தரவரிசைப்படி நேரடியாகக் கிடைத்தன. 12 இடங்கள் தகுதிச்சுற்றில் வென்று வருவோருக்கு. எஞ்சிய 8 இடங்கள் வைல்டு கார்டு என்னும் சிறப்பு அழைப்புக்கு. அந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றைப் போட்டி நடத்தும் நாடுகளே தத்தம் வீராங்கனைகளுக்கு வழங்கும். ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ பிறந்த ஒருவர், தரவரிசையில் நூற்றைம்பதாம் இடத்துக்குச் சரிந்தாலும் தம் நாட்டின் கை தம்மைத் தூக்கிவிடும் என்று நம்பலாம். பொஸ்னியாவிலோ கிராண்ட் ஸ்லாம் நடப்பதில்லை. அந்த நாட்டுப் பெண் பெரிய அரங்குக்குள் நேர்வாசல் வழியாக நுழைய வேண்டுமென்றால், தம் சொந்தப் புள்ளிகளால் அந்த 108க்குள் வந்தே தீர வேண்டும். 2004ஆம் ஆண்டில் மெர்வானா 99ஆம் இடத்தைத் தொட்டபோது அந்தக் கோட்டை யார் தயவும் இல்லாமல் கடந்தார். எனக்கு இது சின்னச் செய்தி அன்று. எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.

அதே 2004இன் தொடக்கத்தில்தான் அவருடைய வாழ்வின் பெரிய வாரமும் வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஆண்டின் முதல் போட்டிகளில் ஒன்றாக ஏ.எஸ்.பி. கிளாசிக் நடந்தது. ஸெனிட்சாவில் பனி கொட்டும் ஜனவரி, அங்கே நல்ல கோடைக்காலம். இரட்டையர் பிரிவில் மெர்வானாவின் ஜோடி, குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்துப் பெண் யெலெனா கொஸ்தானிச். 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனின் சிறுமியர் பட்டத்தை வென்றவர் அவர். ஒருவர் பொஸ்னியர், மற்றவர் குரோவேஷியர். இருவர் பேசுவதும் ஒருவருக்கொருவர் மொழிபெயர்ப்பு வேண்டாத பேச்சு. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஸெனிட்சாவைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் பொஸ்னிய முஸ்லிம்களான பொஸ்னியாக்குகளும் குரோவேஷியர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரு பெண்களும் ஆடியது டென்னிஸ்தான். அதற்குமேல் அவர்கள்மீது எதையும் ஏற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும், சர்வுக்கு முன் தலைகளைச் சேர்த்து, வாயை மறைத்தபடி அடுத்த பந்து எங்கே என்று கிசுகிசுத்துக்கொள்ளும் இரட்டையர் வழக்கத்தை எங்கே பார்த்தாலும், இந்த ஜோடி என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இறுதி ஆட்டத்தில் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ஸ்பெயினின் விர்ஹினியா ருவானோ பாஸ்குவால், அர்ஜென்டினாவின் பாவொலா சுவாரஸ். அந்நாளில் பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை என்றே சொல்லலாம். முந்தைய ஆண்டான 2003இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை வந்திருந்தார்கள். ஆக்லாந்தில் ஆடிய அதே மாதத்திலேயே ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார்கள். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் அவர்கள் வசமாயின. ஜோடியாக அவர்கள் சேர்த்த கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் மொத்தம் எட்டு. அப்படிப்பட்டவர்களிடமிருந்து முதல் செட்டை மெர்வானாவும் யெலெனாவும் 6-6 என்று சமனான பின் ஆடும் டை-பிரேக்கில் 7-6 என்று பறித்தார்கள். இரண்டாவது செட் 3-6 என்று கைமாறியது. இந்த இடத்தில் ஆட்டம் வழக்கமான முடிவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அனுபவசாலிகள் ஒரு செட் இழந்து விழித்துக்கொண்டால், மூன்றாவது செட்டில் மற்றவர்களுக்கு இடம் தரமாட்டார்கள். இன்றுபோல மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி ஆடி முடிக்கும் குறுக்குவழியும் அப்போது இல்லை. முழு செட்டையும் ஆடியே ஆக வேண்டும். அந்த முழு செட்டை அவர்கள் வென்றது 6-1 என்ற கணக்கில். எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களின் ஜோடிக்கு அந்த செட்டில் கிடைத்தது ஒரே ஒரு கேம்.

மெர்வானாவின் பெரிய பட்டம் அதுவே முதலும் கடைசியும். அதற்குப் பின் வந்த ஆண்டுகளை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. மீண்டும் சிறு போட்டிகள், மீண்டும் புள்ளிக் கணக்கு. ஆனால் ஃபெட் கோப்பையைச் சொல்லாமல் விட முடியாது. நாடுகளுக்கிடையிலான அந்தப் போட்டியில், பொஸ்னியா ஆடியது ஐரோப்பிய-ஆப்பிரிக்க மண்டலத்தின் கீழ்ப் பிரிவுகளில். ஒரே ஊரில் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து நாடுகளைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். சிறிய அணியில் முதல் வீராங்கனைதான் எதிரணியின் வலிமையான ஆட்டக்காரரை ஒற்றையரில் எதிர்கொண்டு, வியர்வை உலர்வதற்குள் இரட்டையருக்கும் திரும்பி வர வேண்டியிருக்கும். பார்வையாளர் கூட்டமோ தொலைக்காட்சியோ இல்லாத அந்த மைதானங்களில், ஆண்டுக்கு ஆண்டு தம் நாட்டுக்காக மெர்வானா வந்து நின்றார். அவருக்குப் பின் ஜாஸ்மினா தின்யிச், அனிதா ஹுசாரிச், தேயா ஹெர்ட்செலாஷ் என்று அடுத்த தலைமுறைப் பெண்கள் அந்த அணிக்கு வந்தார்கள். நுழைவதற்கு ஓர் அணி என்று ஏற்கெனவே இருந்ததே, அது அவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு.

2010 டிசம்பர் 15 அன்று, பயோமெட்ரிக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பொஸ்னியக் குடிமக்கள் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமலே போய்வரலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சரயேவோவில் ஒரு பதினைந்து வயதுப் பெண் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இத்தாலிக்கோ ஜெர்மனிக்கோ பேருந்து ஏறுவது அன்றிலிருந்து சாத்தியமாயிற்று. தொண்ணூற்றொன்பதாம் இடத்தைத் தொட்ட ஸெனிட்சாவின் மெர்வானாவுக்கு, அப்போது முப்பது வயது நிறைந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

நன்றி, வணக்கம்.