ஒத்திகைக்கு ஓர் அறை

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் சென்னையிலிருந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கம் தந்த நிர்வாகிகளே, மயூர் விஹாரிலிருந்தும் துவாரகாவிலிருந்தும் மெட்ரோ மாறி வந்திருக்கும் டெல்லித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். சால்வைக்கும் நன்றி.

'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா எடுத்த 'லீவிங் ஹோம்' ஆவணப்படம் குறித்துப் பேசச் சொன்னீர்கள். இசை, சமூகம், இளைஞர் என மூன்று செய்திகள் சொல்கிறேன்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். 1990-ல் டெல்லியில் தொடங்கிய குழு இது. சுஸ்மித் சென்னின் கிதார், அசீம் சக்ரவர்த்தியின் தபலாவும் குரலும், ராகுல் ராமின் பேஸ் கிதார், அமித் கிலமின் டிரம்ஸ். ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர். அந்தப் பள்ளத்தாக்கின் பாட்டைத்தான் 'மா ரேவா' என்று மேடையேற்றினார்கள். 2009 டிசம்பரில் அசீம் மறைந்தார். படம் திரையரங்குக்கு வந்தது 2010 ஏப்ரலில். அவர் பாடும் காட்சிகளை நெஞ்சு கனக்காமல் பார்க்க முடியாது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் ஒத்திகை பார்த்த வீடு. கரோல்பாக்கில் ஒரு பழைய பங்களா. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த அதே கரோல்பாக்!

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பு. டிரம்ஸ் வாங்கினான். முதல் நாளே கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மொட்டைமாடிக்குப் போனான், சங்கத்தில் புகார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான், காவலாளி விரட்டினார். அப்புறம் தலையணையை அடுக்கிவைத்து அடித்தான். ஒருநாள் அவன் பாட்டி, எழுபது வயதைத் தாண்டியவர், நேரே கீழே இறங்கிப் போனார். "தம்பி, மார்கழியில விடியக்காலை அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர் வெச்சீங்களே, நாங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்? பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். கொடுத்தார்கள்! (கைதட்டல்)

எல்லாப் பிள்ளைக்கும் அப்படிப் பாட்டி வாய்க்குமா? ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று அதனால்தான் திரும்பச் சொல்கிறேன். நம் அமைப்புகளிடம் அரங்கங்கள் இருக்கின்றன, மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒத்திகை அறையாகத் திறந்துவிடுங்கள். பறையடிப்பவனும் வரட்டும், கிதார் பிடிப்பவளும் வரட்டும். நர்மதைப் பாட்டு மேடைக்கு வந்ததும் இப்படி நாலு பேர் உட்கார ஓர் இடம் கிடைத்ததால்தான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், சரி. ஒத்திகை அறை கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.