பிரியாவிடைக்கு வராத பிள்ளை

(மலையகக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் வகுப்பாசிரியர்களுக்கும் தரம் 12 மாணவத் தலைவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

அருட்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அதிபர்மாரே, ஆசிரிய நண்பர்களே, முன் வரிசையில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

உயர்தரம் முடித்துப் போகும் தரம் 13 பிள்ளைகளுக்குத் தரம் 12 வைக்கும் பிரியாவிடை எப்படி நடந்தது என்று கேட்டால் கேக்கைச் சொல்வார்கள், பாட்டைச் சொல்வார்கள், யார் யார் அழுதார்கள் என்று சொல்வார்கள். நான் கேட்பது வரவு இடாப்பை. தரம் 13இல் 42 பேர் என்று வையுங்கள். வந்தது 35 பேர். மற்ற ஏழு பேருக்கும் காய்ச்சலாம். ஒரே நாளில் ஏழு பேருக்குக் காய்ச்சல் வராது, ஐயா. வந்தது சாரிச் செலவு, கேக் காசு, ஆசிரியருக்குப் பரிசு வாங்கச் சேர்த்த காசு.

கணக்கைப் பாருங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். பிள்ளையிடம் 3000 ரூபா கேட்டால், அந்தச் சம்பளத்தில் அம்மா இரண்டு நாளுக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்கு மேல் சாரி, அதற்குச் சட்டைத் தையற்கூலி. அதனால் முதல் தீர்மானம் உடுப்பைப் பற்றியதாக இருக்கட்டும்: எல்லோரும் சீருடை. “வாழ்க்கையில் ஒரு நாள்தானே, சேர்” என்று சில பிள்ளைகள் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். இரண்டாவது, போகிறவர்களிடம் ஒரு சதம்கூட வாங்கக் கூடாது. விருந்து வைப்பது தரம் 12. அவர்களும் ஒட்டிய உறையில், தங்களால் முடிந்ததைப் போட்டு, வகுப்பாசிரியர் கையில் கொடுக்கட்டும். கொடுத்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி நாள். முன்பெல்லாம் உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில், சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. 2024க்குரிய உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, இரண்டு நாளில் மழை வெள்ளத்தால் நின்று, பிறகு தொடர்ந்தது. அவ்வாண்டுக்குரிய சாதாரண தரம் 2025 மார்ச்சுக்குப் போனது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மறுபடியும் உயர்தரப் பரீட்சையை நடுவில் நிறுத்தியது. ஆகவே “பரீட்சை முடிந்ததும் வைப்போம்” என்பது மலையகத்துக்குச் சரிவராது. கடைசிப் பாடம் எழுதிய மறுவாரமே பாதிப் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். பரீட்சைக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன், படிப்பு விடுமுறை தொடங்குகிற நாள்தான் நல்ல நாள். அன்றுதான் எல்லோரும் இருப்பார்கள்.

நேரம் காலைதான். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும். தகரக் கூரை மண்டபத்தில் மழை விழுந்தால் ஒலிபெருக்கி இருந்தும் இல்லாத மாதிரி. அதிபர் வாயசைப்பதுதான் தெரியும். மிஸ்ட் இறங்கினால் பஸ்ஸும் பிந்தும். எட்டரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடியுங்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில், அதாவது மேற்பிரிவில் இருந்து வரும் பிள்ளை இறங்குமிடத்தில் இருந்து இன்னும் நடக்க வேண்டும் என்பதை நிகழ்ச்சி நிரல் எழுதுகிறவர் மறக்கக் கூடாது.

நிகழ்ச்சி நிரல் நீளுவது பேச்சால். 42 பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் 84 நிமிடம். யாரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. ஒருவர் பேசட்டும். மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, வகுப்பாசிரியர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே ஒரு வசனம் சொல்லட்டும். “நல்ல பிள்ளை” என்பது வசனம் அல்ல. “மாலைப் பூசைக்கு ஹார்மோனியத்தைத் தூக்கி வந்து வைப்பவர்” என்பது வசனம்.

அன்றைய நாளில் வைக்கும் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு வருவோம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு, அரசாங்க உதவியோடு சமய அமைப்புகள் நடத்திய உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. வாசலில் புனிதர் நிற்பார். இடாப்பில் சைவப் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் திருப்பலியில் என்ன செய்வது என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழும்புவதும் இருப்பதுமாகத் தவிக்க விடக் கூடாது. நற்கருணை அப்பம் வாங்குவோர் கத்தோலிக்கப் பிள்ளைகள். மற்றவர்கள் இடத்திலேயே இருக்கலாம், பாதர் சம்மதித்தால் கைகளை மார்பில் குறுக்கே வைத்து ஆசீர் வாங்க வரலாம். இதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். வரிசையில் வந்து நின்ற பிறகு திருப்பி அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாள் அத்தோடு முடிந்தது.

நாள் திருவருகைக் காலத்துக்குள், அதாவது நத்தாருக்கு முந்திய நான்கு வாரத்துக்குள் விழுந்தால் பூசை உடை ஊதா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஞாயிற்றுக்குரிய திருப்பலிதான். பிரியாவிடைக்கென்று வேறு திருப்பலி வைக்க முடியாது, பூசையில் பாடும் ‘வானவர் கீதம்’ என்ற புகழ்ப்பாட்டும் கிடையாது. பீடத்துப் பூ அலங்காரமும் அளவோடு இருக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305ஆம் எண் சொல்கிறது. ரோசாவும் கானேஷனும் வாங்க வைத்திருந்த காசு அப்படியே மிச்சம். காணிக்கைப் பவனியில் வெற்றிக்கிண்ணம், கிரிக்கட் மட்டை, கொழுந்துக்கூடை என்று பத்துப் பதினைந்து பொருளைத் தூக்கிக்கொண்டு வருவதை நான் ரசிப்பதில்லை. அப்பமும் திராட்சை இரசமும் போதும்.

தரம் 13இன் கையில் இருந்து தரம் 12இன் கைக்கு மெழுகுதிரியால் ஒளி கொடுக்கும் வழக்கம் அழகானது. பிழைக்கிற இடமும் அதுதான். உயிர்ப்பு விழாவில் ஏற்றும் பெரிய பாஸ்காத் திரியை எடுத்து வந்து கொளுத்துகிறார்கள். அது பாஸ்கா காலத்துக்கும் திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் உரியது. பீடத்து மெழுகுதிரியே போதும். மெழுகு சொட்டாதிருக்க, தடித்த மட்டையை எட்டு சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, நடுவில் சிலுவைக் கீறல் போட்டுத் திரியைச் செருகுங்கள். எரிகிற திரி நிமிர்ந்தே இருக்க வேண்டும், எரியாத திரிதான் சரிய வேண்டும். இது தெரியாமல் எரிகிற திரியைச் சரித்து, உருகிய மெழுகைத் தரம் 12 தங்கச்சியின் புறங்கையில் ஊற்றிவிடுகிறார்கள். வரிசையின் இரண்டு முனையில் இருந்தும் தொடங்குங்கள், பாதி நேரத்தில் முடியும். பின்னலை முன்னால் போட்ட பிள்ளைகள் பின்னால் தள்ளிவிட வேண்டும். மூலையில் ஒரு வாளி மணல்.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பிள்ளைகள் இருப்பார்கள், வெள்ளி விரதம் இருப்பார்கள். மீன் ரோல்ஸும் மரக்கறி ரோல்ஸும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஒரே தட்டில் கலந்தால், சந்தேகத்தில் ஒன்றையும் தொடாமல் எழும்பிவிடுவார்கள். மீன் என்றால் ரோல்ஸ், மரக்கறி என்றால் பெட்டிஸ் என்று உருவத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரிக்கவும் கூடாது.

தேத்தண்ணி 200 பேருக்கு என்றால், ஆளுக்கு இரண்டு கிராம் வீதம் தூள் 400 கிராம், பால்மா மூன்று கிலோ, சீனி இரண்டு கிலோ. பால்மாவைக் கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டி கட்டியாகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் களியாகக் கரைத்துவிட்டுச் சேருங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டுக் கணக்கில் ஊற வைத்தால் சாயம் இறங்காது, இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். தேயிலை விளைகிற மண்ணில் நின்றுகொண்டு வெளிறிய தேத்தண்ணி கொடுப்பது நியாயமில்லை.

வெள்ளைச் சட்டையில் மாக்கர் பேனையால் கையெழுத்து வாங்கும் ஆசையைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டையை வீட்டில் தம்பி எதிர்பார்த்திருப்பான். ஒரு மீற்றர் வெள்ளைத் துணியை நான்காக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். அடியில் மட்டை வைக்காமல் எழுதினால் மை மேசையில் ஊறும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும் அன்றே கையில் கிடைக்க வேண்டும். கேக் வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே வகுப்பாசிரியர் ஒரு தாளில் மூன்று கட்டம் கீறட்டும்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சேர்வு இடாப்பு. மூன்றிலும் உள்ள பெயரை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, பக்கம் பக்கமாக எழுதுங்கள். நம் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் பல சிங்களத்தில் பதிந்தவை. தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். முதலெழுத்து இடம் மாறியிருக்கும். வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வரும், அப்போது லீவு போட்டு அலைவதும் அந்த அம்மாதான். பிழை கண்டால் பேனையால் திருத்தாதீர்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்கு நாள் எடுக்கும், அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன். பரீட்சை அனுமதி அட்டை வந்ததும் பிள்ளையின் கையொப்பத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும், அதற்கும் ஒரு நாளைக் குறித்துச் சொல்லி அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவர் இருவர் வராமல் போகலாம். அவர்கள் பெயர் எழுதிய உறையில் பத்திரங்களை வையுங்கள், எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு துணித்துண்டையும் மடித்து வையுங்கள். அதே தோட்டத்துத் தோழரிடம் கொடுத்து, கிடைத்ததாகக் கையொப்பம் வாங்கி வரச் சொல்லுங்கள். உறையை ஒட்டுமுன் விடுகைப் பத்திரத்தில் பாடசாலை முத்திரை இருக்கிறதா என்று இன்னொரு தரம் பாருங்கள்.