ரஜூலா கரை சேர்ந்த நாள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓ.டி.யில், அதாவது கடலூர் முதுநகரில், எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மூன்று நாள் காயவைத்தும் ஒரு வரி தேறவில்லை. எங்கள் வீட்டில் அவர் கையெழுத்து அது ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் தடத்தைத் தேடிப் பழைய பத்திரிகைகள் பக்கம் போனேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது. 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. பெரும்பகுதியை நம் வீட்டில் உட்கார்ந்தே காசு இல்லாமல் படிக்கலாம்.

முதலில் தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் நம் குடும்பங்களுக்கு அந்த வழி சரிப்படாது. காரணத்தைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒரே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருஷம் பின்னால் போய்விடலாம். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். உங்கள் தாத்தா பெயர் முத்துசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால ஆங்கிலப் பத்திரிகையில் அதை ஒருவர் இரண்டு ஓ போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் யு போட்டிருப்பார். பிரெஞ்சுக்காரர் அதே உகரத்துக்கு ஓ, யு இரண்டையும் சேர்த்துப் போடுவார். ஊர்ப் பெயரும் இப்படித்தான். நம் கடலூர் ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்கும், பழைய பிரெஞ்சு ஏடுகளில் ஜி எழுத்தில்.

அப்புறம் கணினி படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. நாம் தேடும்போது கணினி படத்தைப் பார்ப்பதில்லை. படத்திலிருந்து மென்பொருள் படித்து எழுதிவைத்ததைத்தான் பார்க்கிறது. மங்கிய அச்சில் அது தடுமாறும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி அச்சாகியிருந்தால் எம் என்று படித்துவிடும். கர்ணம் என்று தேடினால் கிடைக்காத செய்தி, 'கமம்' என்று அபத்தமாகத் தேடினால் கிடைக்கும். தமிழில் சிக்கல் இன்னும் அதிகம். 1978-க்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட எழுத்துகள். ணா, றா, னா மூன்றும் சுழித்து எழுதப்பட்டவை. இன்றைய எழுத்தைப் பழகிய மென்பொருளுக்கு அவை புரிவது கஷ்டம். பினாங்கு என்று தேடினால் அந்த 'னா'விலேயே மாட்டிக்கொள்ளும். கடலூர், நாகப்பட்டினம் என்ற பெயர்களில் அந்தத் தொந்தரவு இல்லை. தேடுவதற்கு முன்னால் நம் சொல்லில் பழைய எழுத்து வருமா என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயர் உதவவில்லை. எனக்கு வழி காட்டியது என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, சொன்ன ஒரு வாக்கியம். சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டது. "தாது வருஷம், தீபாவளி முடிஞ்சு மூணாம் நாளு, நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறினாரு. உங்கம்மா அப்ப தவழ்ந்துக்கிட்டிருந்தா."

தாது வருஷம் என்றதும் நமக்குப் பஞ்சம்தான் ஞாபகத்துக்கு வரும். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். அப்போது தாத்தாவே பிறக்கவில்லை. ஆயா ஏதோ குழப்பிச் சொல்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவர் குழம்பவே இல்லை. தமிழ் வருஷங்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876-க்கு அடுத்த தாது 1936. ரஜூலா கப்பல் 1926-லிருந்து ஓடியது. மலேயாவுக்குக் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் நிறுத்திவிட்டது. ஆக 1936 எல்லா வகையிலும் பொருந்துகிறது.

அந்த வருஷத் தீபாவளியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன், நவம்பர் மாதம். நவம்பர் இதழ்களில் கப்பல் போக்குவரத்துப் பத்தியை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். செய்திகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பத்தி அது. ரஜூலா வந்து சேர்ந்த நாள் அங்கே இருந்தது. தாத்தாவின் பெயர் இல்லை. முதல் வகுப்பில் போன துரைமார் பெயரைப் பத்திரிகை போடும், மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள் பெயரை யார் போடுவார்கள்? ஆனாலும் அந்த நாள் கிடைத்துவிட்டது. அதே இதழில் அன்றைக்கு மழையா வெயிலா, ரப்பர் என்ன விலை, ஊரில் என்ன பேச்சு என்று எல்லாம் இருக்கிறது. அவர் இறங்கி நடந்த நாட்களை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என்ன கிழமை?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். என் ஆயாவின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்தக் காலச் செய்திகளில் பெண்கள் 'இன்னார் மனைவி' என்றுதான் வருவார்கள். ஆனால் வருஷம், பண்டிகை, கப்பல், குழந்தை தவழ்ந்த பருவம் என்று நான்கு அடையாளத்தையும் கட்டிக்காத்தது அவர்தான். ஆகையால் வீட்டில் எண்பது தாண்டிய பெண்மணி இருந்தால் கணினியைத் திறப்பதற்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அப்போது என்ன புயல் அடித்தது, எந்தக் குழந்தை பிறந்திருந்தது, அரிசி என்ன விலை என்று கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்தா வீடுகளுக்கும், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளுக்கும், வியட்நாமின் சைகோன் போய்வந்த குடும்பங்களுக்கும் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளம் பெரிய புதையல். சைகோனில் வெளிவந்த பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதில் இருக்கின்றன. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, நம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873-ல் வழக்காடிய பொன்னுத்தம்பி பிள்ளை, பின்னால் லாபோர்த் ஆனது அப்படித்தான். உங்கள் வீட்டில் பிரெஞ்சுப் பெயர் இருந்தால் அது தொடங்கிய நாளைத் தேடிப் பாருங்கள். அதற்கு முந்தைய தமிழ்ப் பெயருக்கு அங்கிருந்து வழி கிடைக்கும்.

தேடும்போது மனசுக்குக் கஷ்டமானதும் கிடைக்கும். போலீஸ் கோர்ட்டுச் செய்தி, கடன் வழக்கு, இரண்டாவது குடும்பம். அதை அப்படியே படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். பத்திரிகையும் தப்பாகப் போட்டிருக்கலாம். போலீஸ் செய்தி கிடைத்தால் வழக்கு எப்படி முடிந்தது என்று அடுத்த சில மாத இதழ்களையும் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

என் தேடல் முடியவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மறு பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு தாத்தாவிடமிருந்து மணியார்டரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. போர் முடிந்த பிறகு வந்த இதழ்களை நாள்வாரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இரவில் ஒரு மணி நேரம். துயரச் செய்திகள், ஆளைத் தேடும் விளம்பரங்கள், ஆஸ்பத்திரிச் செய்திகள். கடலூர் என்ற சொல் வந்தால் நிறுத்திப் படிக்கிறேன்.

மடிக்கணினியைக் கொண்டுவந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரோடு, அவர் கிளம்பிய சமயத்தில் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். சேர்ந்து தேடுவோம்.