ஒரு பிடி அரிசி

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரியை ஒட்டிய ஒரு பனங்காட்டுக் கிராமத்தில் பிறந்தவன் நான். எங்கள் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சின்ன மண் கலயம் ஒன்று இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார். போடும்போது உதடு அசையும். யாரோ ஒருவருக்காக ஜெபிக்கிறார் என்று தெரியும்; யாருக்காக என்று கேட்கவும் மாட்டோம், அவர் சொல்லவும் மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் காணிக்கையாகச் சபைக் கோவிலுக்குப் போகும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி என்று எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். எந்த வீட்டுப் பிடி பெரியது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதே வழக்கம் வடகிழக்கே மிசோரம் மலைகளிலும் உண்டு. அங்குள்ள சபைப் பெண்கள் 1910-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

விசுவாசத்தில் வளர்வது எப்படி என்று பேச அழைத்தார்கள். நான் அந்தக் கலயத்திலிருந்துதான் தொடங்க முடியும். அம்மா சோறு மிஞ்சினால் கொடுக்கலாம் என்று காத்திருக்கவில்லை. உலை கொதிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவைத்தார். அதற்கென்று தனியாக ஒரு நேரமும் தேடவில்லை. எப்படியும் நடந்தே தீரவேண்டிய வேலை ஒன்றில் தம் ஜெபத்தைக் கோத்துவிட்டார். சமையல் நின்றால்தானே ஜெபம் நிற்கும்!

வேதமும் இதைத்தான் சொல்கிறது. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் தேவனுடைய வார்த்தைகளை எப்போது பேச வேண்டும் என்று வருகிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. இந்த நான்கும் இல்லாத நாள் யாருக்கு இருக்கிறது? பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். மடத்தின் சமையற்கட்டில் பல ஆண்டுகள் உழைத்தவர், பிறகு செருப்புத் தைத்தவர். ஜெபவேளையில் இருப்பதுபோலவே பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஆண்டவரோடு இருக்கப் பழகியவர். என் தாயாருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாகப் பழகியிருப்பார்கள் இருவரும்.

வேதவாசிப்புக்கு வருகிறேன். நம் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாட்களில் நாளுக்கு மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் இந்தக் கணக்கில் வாசித்தவர்கள். நல்ல கணக்கு. ஆனால் பிப்ரவரியில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுபோய், அந்தக் குற்றவுணர்விலேயே அடுத்த ஜனவரிவரை வேதத்தைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். நானும் இரண்டு முறை அப்படி நின்றவன். அவர்களுக்கு என் வார்த்தை: விட்ட இடத்தைத் தேட வேண்டாம். இன்றைக்கு வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு சங்கீதத்தைத் திறவுங்கள். வாய்விட்டு வாசியுங்கள். அதில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற ஒரு வரியை ஆசிரியர் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வாரம் வகுப்பில் என் குரல் எவ்வளவு தணிந்தது என்று பிள்ளைகளே வியந்தார்கள்.

காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால் அந்தச் சங்கீதம். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். களைவதற்கு முன் எடுத்த பிடிதான் முதற்பிடி.

ஜெபிக்கவே முடியாத காலம் ஒன்று எல்லோருக்கும் வரும். என் மனைவி நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது எனக்கு வந்தது. ராத்திரி நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். ஒரு வார்த்தை எழும்பாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், விசுவாசம் இருந்தால் நடக்கும் என்றார்கள். அந்தப் பேச்சு என்னை இன்னும் தள்ளிவிட்டது. அப்போது எனக்குக் கைகொடுத்தது 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் ஆண்டவர் பரிசுத்த வேதத்துக்குள் வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் ஜெபமும் வந்தது. சொந்த வார்த்தை வற்றிப்போனால் சங்கீதக்காரனுடைய வார்த்தையை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத்தான் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாக, வரிவரியாகச் சொன்னாலும் போதும்.

உபவாசத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். அது அந்தரங்கத்தில் செய்ய வேண்டியது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வேளை உணவை விடுகிறவர்கள், அந்த வேளையின் காசைத் தனியே எடுத்துவைத்துப் பசித்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நம் வயிற்றில் மிச்சமானது நம் பையிலேயே தங்கிவிடக் கூடாது.

குடும்ப ஜெபத்தையும் சொல்லியாக வேண்டும். விளக்கு வைத்ததும் பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். அப்பா ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார், ராகம் பிசகினாலும் நிறுத்தமாட்டார். பிள்ளைகள் தூங்கி விழும் அளவுக்கு நீளமாக ஜெபித்துத்தான் பல வீடுகளில் இந்தப் பழக்கம் அற்றுப்போயிற்று என்பது என் கருத்து. ஒரு பாட்டு, சில வசனங்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியம். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும்.

பிறருக்காக ஜெபிப்பதும் கொடுப்பதும் நம் மண்ணில் பிரியாமல் வளர்ந்தவை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர்களின் காணிக்கையாலேயே, இந்திய ஊழியர்களைக் கொண்டே பணி நடக்க வேண்டும் என்று உறுதி கொண்டார்கள். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். கண்ணால் காணாத தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் மக்களுக்காக இங்குள்ள கிராமத்துச் சபைகள் ஜெபித்தன. அப்படிப் பழகிய மண்ணில் என் தாயார் பிறந்தார்.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்களுக்கும் அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் வேலியோரத்து முருங்கை மரத்தால் ஒரு மனத்தாங்கல். பேச்சு நின்றது, வருடக்கணக்கில் நின்றது. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாமேல் ஒரு கேள்வி இருந்தது.

கடைசி வருடத்தில் அம்மாவால் அடுப்படிக்கு நடக்க முடியவில்லை. என் மனைவி அளந்த அரிசியைக் கட்டிலுக்கே கொண்டுபோவாள். அம்மா கையை விட்டு அள்ளுவார். அரைப் பிடிதான் வரும். காது மந்தமாகிவிட்டதால், முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு உரக்கவே ஜெபிப்பார். அப்படித்தான் முதல் முறையாக அந்தப் பெயர் எங்களுக்குக் கேட்டது. அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் பெயர். மறுநாளும் அதே பெயர். அதற்கடுத்த நாள் என் மனைவி ஒன்றும் சொல்லாமல், காய்ச்சிய குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தாள்.

நன்றி. வணக்கம்.